வேண்டுமென்றே பறிகொடுத்த கப்பல்

பச்சை நிறத்தில் பெரிய பூச்சி ஒன்று மேல் வரிசையை விட்டு விலகுகிறது. வளைந்து நெளிந்து இறங்கி, திரையின் கீழ்ப்பகுதிக்கு வந்ததும் அந்தரத்தில் நின்றுவிடுகிறது. குண்டு எதுவும் போடவில்லை. அதன் அடியிலிருந்து, மடித்த விசிறியைப் பிரிப்பதுபோல நீலக் கதிர் ஒன்று விரிகிறது. கூடவே மேலும் கீழும் ஊசலாடும் ஒரு சத்தம். தப்பிக்க நேரம் இருக்கிறது, ஜாய்ஸ்டிக்கை ஒரு பக்கம் தள்ளினால் போதும். விளையாடுகிறவர் தள்ளவில்லை. பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பவர் புதியவர் என்றால், "நகருங்க, நகருங்க!" என்று பதறுவார். விஷயம் தெரிந்தவர் வாயே திறக்கமாட்டார். கப்பல் கிறுகிறுவென்று சுழன்றபடி மேலே போகிறது, சிவப்பாக மாறுகிறது, பிடித்துக்கொண்டு போன பூச்சியின் தலைக்குமேல் கைதியாக உட்கார்ந்துகொள்கிறது.

இது கேலகா. 1981-ல் ஜப்பானின் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட ஆர்கேட் ஆட்டம், அதாவது பெரிய பெட்டியில் காசு போட்டு விளையாடும் வீடியோ கேம். வடிவமைத்தவர் ஷிகெரு யோகோயாமா. அமெரிக்காவில் விற்றது மிட்வே நிறுவனம். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியும் இதை விளையாடிய யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும், முதலில் ஸ்கோரைச் சொல்லமாட்டார்கள். "ஒரு கப்பலைக் கொடுத்து ரெண்டாத் திருப்பி வாங்குவோமே" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

பழைய வீடியோ கேம்கள் மீதான ஏக்கத்துக்கு வழக்கமாக இரண்டு காரணம் சொல்வது உண்டு. நாம் ஏங்குவது நம் சின்ன வயதுக்காக என்பது ஒன்று. கட்டம் கட்டமான அந்தப் படங்களுக்கு ஒரு தனி அழகு இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டும் பொய்யில்லை, ஆனால் போதவும் இல்லை. அதே வயதில், அதே கட்டம் கட்டமான படங்களோடு எத்தனையோ விண்வெளிச் சுடும் ஆட்டங்களை விளையாடியிருக்கிறோம். அவற்றில் முக்கால்வாசியின் பெயர்கூட மறந்துவிட்டது. கேலகா மட்டும் ஏன் கையிலேயே தங்கிவிட்டது? அது ஒவ்வொரு காரியத்துக்கும் ஒரு விலை வைத்தது, அந்த விலையை நம் பையிலிருந்தே வாங்கியது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்த வகை ஆட்டங்கள் ஏன் எப்போதும் விண்வெளியிலேயே நடந்தன என்பதற்கும் ஒரு எளிய பதில் உண்டு. கருப்பு இலவசம். அந்தக் காலத்து வன்பொருளுக்கு ஒரு மரத்தையோ மலையையோ வரைவது பெரும்பாடு. எதையும் வரையாமல் விட்டால் அதுவே விண்வெளி. நாலு புள்ளிகளை மினுக்கவிட்டால் நட்சத்திரம். வறுமையை மறைக்க இதைவிட நல்ல திரைச்சீலை கிடைத்திருக்காது.

கேலகாவின் தாத்தா 1978-ல் டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ். வரிசைக்கு 11 வீதம் 5 வரிசை, மொத்தம் 55 வேற்றுலகப் பிராணிகள் பக்கவாட்டில் நடந்து, ஓரத்தை முட்டியதும் ஒரு படி கீழே இறங்கும். அவை குறையக் குறைய வேகம் கூடும், நாலே சுரங்களில் இறங்கும் அந்த 'டும் டும்' ஓசையும் சேர்ந்து விரையும். எத்தனையோ பேர் வியர்த்து விறுவிறுத்துப்போன இந்த ஏற்பாடு முதலில் யாரும் திட்டமிட்டதல்ல. உள்ளே இருந்தது இன்டெல் 8080 என்ற சிப். நொடிக்கு 60 முறை திரை புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பிராணியைத்தான் நகர்த்த முடியும். 55-ம் இருக்கும்போது மொத்தப் படையும் ஒரு அடி வைக்க ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். கடைசியில் ஒன்று மட்டும் மிஞ்சினால், அது நொடிக்கு 60 அடி வைக்கும். சிப்பின் சுமை குறைவதுதான் நமக்கு எதிரியின் வெறியாகத் தெரிந்தது. நிஷிகாடோ இதைக் கவனித்தார், சரிசெய்யாமல் அப்படியே விட்டுவிட்டார். வீடியோ கேம் வரலாற்றில் இதைவிட நல்ல சும்மாயிருத்தல் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அந்த ஆட்டத்தில் இன்னொரு சட்டமும் இருந்தது. நீங்கள் சுட்ட குண்டு எதிலாவது பட்டோ, திரையைத் தாண்டியோ போய்த் தொலையும்வரை அடுத்த குண்டு வராது. பட்டனை எவ்வளவு குத்தினாலும் வராது. குறி தப்பினால், அந்தக் குண்டு உச்சிவரை ஊர்ந்து போவதை வாயில் விரலை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். அதற்குள் மேலேயிருந்து ஒன்று வந்துவிடும். தண்டனை என்று தனியாக எதையும் எழுதி வைக்கவில்லை. காத்திருப்பதே தண்டனை.

1979-ல் நாம்கோ கேலக்ஸியனைக் கொண்டுவந்தது. ஸ்பேஸ் இன்வேடர்ஸில் கண்ணாடிக் காகிதம் ஒட்டிக் காட்டிய நிறம், இதில் நிஜமாகவே திரையில் வந்தது. எதிரிகள் அணியை விட்டுப் பாய்ந்து வந்து தாக்கினார்கள். அழகான ஆட்டம்தான். ஆனால் என் கணக்கில் அது ஒரு ஒத்திகை. அதைச் செய்த நிறுவனம் இரண்டு வருடம் கழித்துச் செய்த கேலகாவில்தான் எல்லாம் கூடிவந்தது.

கேலகாவில் எதிரிகள் முன்கூட்டியே வரிசையில் நிற்பதில்லை. எட்டு எட்டாக, ஐந்து கூட்டமாக, திரைக்கு வெளியிலிருந்து சுழித்துக்கொண்டு உள்ளே வந்து, இடம் பார்த்து அமர்கிறார்கள். கீழே 20 தேனீ, நடுவில் 16 பட்டாம்பூச்சி, உச்சியில் 4 தலைவர்கள் (தொடக்கத்தில் கதிரை விரித்த அந்தப் பச்சைப் பூச்சி இவர்களில் ஒருவன்). ஆக 40. அவர்கள் உள்ளே நுழையும் அந்தச் சில நொடிகள் விளையாடுகிறவருக்குக் கிடைக்கும் மொய். பாதை தெரிந்தால், நுழையும் வாசலில் நின்றுகொண்டு பாதிப் பேரை உட்காருவதற்கு முன்பே முடித்துவிடலாம்.

குண்டுச் சட்டம் இங்கே கொஞ்சம் தளர்ந்தது. ஒன்றுக்குப் பதில் இரண்டு. ஒரே நேரத்தில் உங்கள் குண்டுகள் இரண்டு மட்டுமே திரையில் இருக்கலாம். கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் ஆட்டத்தின் முழு ருசியும் இதில்தான் இருக்கிறது. பக்கத்தில் வந்த எதிரியை அடித்தால் குண்டு உடனே மறைந்து, அடுத்தது கைக்கு வரும். தூரத்தில் இருப்பவனைக் குறிவைத்துத் தப்பினால், இரண்டும் உச்சிக்குப் போய்ச் சேரும்வரை வெறுங்கை. குறி சரியாக இருக்கிறவனுக்குத் துப்பாக்கி வேகமாகச் சுடும், குறி தப்புகிறவனுக்கு மெதுவாக. அதனால்தான் நன்றாக விளையாடுகிறவர்கள் பட்டனை வெறிபிடித்ததுபோல் குத்துவதில்லை. டக், டக் என்று ஒரு தாளத்தில், எதிரி நெருங்கி வரும்வரை பொறுத்துச் சுடுவார்கள். திரையைப் பார்க்காமல் பட்டன் சத்தத்தைக் கேட்டே, ஆடுகிறவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடலாம்.

இனி அந்தக் கைதிக் கப்பலுக்கு வருவோம்.

பறிகொடுத்ததும், மிச்சமிருக்கும் கப்பலில் அடுத்தது களத்துக்கு வரும். சாதாரண அமைப்பில் ஒரு காசுக்கு மூன்று கப்பல். ஜப்பானில் அந்தக் காசு 100 யென், அமெரிக்காவில் 25 சென்ட். ஆக, நீங்கள் கையை அசைக்காமல் விட்டுக்கொடுத்தது நீங்கள் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு. கடைசிக் கப்பலைப் பறிகொடுத்தால் ஆட்டமே முடிந்தது. இப்போது காத்திருக்க வேண்டும். அந்தத் தலைவன் கைதியோடு கீழே பாயும்போது அவனை மட்டும் அடிக்க வேண்டும். ஒரு அடியில் சாகமாட்டான். முதல் அடிக்குப் பச்சை நீலமாகும், இரண்டாவது அடிக்குத்தான் சாவான். அவன் வரிசையில் நிற்கும்போதே அவசரப்பட்டுக் கொன்றால் கைதி விடுதலை ஆகாது. எதிரியாகவே உங்கள்மேல் பாயும். குண்டு ஒரு நூல் விலகினால் சொந்தக் கப்பலையே சுட்டுவிடுவீர்கள்.

எல்லாம் சரியாக அமைந்தால், சிவப்புக் கப்பல் சுழன்றுகொண்டே இறங்கி வெள்ளையாகி உங்கள் தோளோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு சின்ன இசை. அதன்பின் ஒரு பட்டனுக்கு இரண்டு குண்டு. சில நிமிடங்களுக்கு நீங்கள்தான் ராஜா.

சில நிமிடங்களுக்குத்தான். ஏனென்றால் யோகோயாமா இதற்கும் விலை வைத்திருந்தார். இரண்டு கப்பல் என்றால் அகலமும் இரண்டு மடங்கு. முன்பு இரண்டு குண்டுக்கு நடுவே நழுவிப்போன சந்தில் இப்போது புக முடியாது. வலிமை கூடியது, அடிபடும் பரப்பும் கூடியது. பழைய பழக்கத்தில் ஒற்றைக் கப்பல் என்று நினைத்துக்கொண்டு ஒதுங்குவோம். வலப்பக்கத்துக் கப்பல் வெடிக்கும். இந்த ஏமாற்றத்தை அனுபவிக்காத கேலகாக்காரர் கிடையாது. சக்தி தரும் பொருளை ஓடிப்போய் எடுத்துக்கொள்ளும் ஆட்டங்கள் பின்னால் ஆயிரம் வந்தன. அவற்றில் பெரும்பாலும் எடுப்பது லாபம் மட்டும்தான். இங்கே முதலில் இழக்க வேண்டும், பிறகு மீட்க வேண்டும், மீட்டபின் அதைச் சுமக்கவும் வேண்டும். சுடும் ஆட்டம் என்ற பெயரில் ஒரு வட்டிக்கடையை நடத்தியிருக்கிறார்கள்.

மூன்றாவது கட்டத்திலும், அதன்பின் நான்கு கட்டத்துக்கு ஒருமுறையும் சவால் சுற்று வரும். 40 எதிரிகள் அணிவகுக்காமல் வித்தை காட்டிக்கொண்டே பறந்து போவார்கள், யாரும் சுடமாட்டார்கள். 40-ஐயும் வீழ்த்தினால் 10,000 புள்ளி. ஆபத்தே இல்லாத இந்தச் சுற்றில்தான் பலருக்குக் கை நடுங்கும். 39 அடித்துவிட்டு ஒன்றை விட்டவரின் முகத்தைப் பார்த்திருக்கிறேன், உயிர்போன ஆட்டத்தில்கூட அந்த முகம் வராது. நோபுயுகி ஓனோகி அமைத்த துள்ளலான இசையும் சேர்ந்து அந்தச் சுற்றை ஒரு திருவிழாபோல ஆக்கியிருக்கும், நாம் மட்டும் அதில் தேர்வு எழுதிக்கொண்டிருப்போம்.

கடைசியில் ஆட்டம் முடிந்ததும் இயந்திரம் கணக்குக் காட்டும். சுட்ட குண்டு எத்தனை, பட்டது எத்தனை, விகிதம் எத்தனை சதவீதம். ஸ்கோர் பெரிதாக இருந்தாலும், இந்தச் சதவீதம் மானத்தை வாங்கிவிடும். பக்கத்தில் நிற்பவர் அதைத்தான் முதலில் படிப்பார்.

ஒரு புகழ்பெற்ற ஓட்டையும் இந்த இயந்திரத்தில் இருந்தது. முதல் கட்டத்தில் எல்லாரையும் அழித்துவிட்டு, இடது ஓரத்துத் தேனீக்கள் இரண்டை மட்டும் கொல்லாமல் விட வேண்டும். அவை மாறி மாறிப் பாயும், சுடும். நீங்கள் விலகிக்கொண்டே இருக்க வேண்டும். பத்து, பதினைந்து நிமிடம் இப்படியே ஓட்டினால், அவை சுடுவதை நிறுத்திவிடும். அதன்பின் அந்த ஆட்டம் முடியும்வரை எந்த எதிரியும் சுடமாட்டான். மந்திரம் ஒன்றுமில்லை. எதிரிகளின் குண்டுகளுக்காக நிரலில் எட்டு இடம்தான் ஒதுக்கியிருந்தார்கள். திரையின் ஓரத்துக்கு அப்பால் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் போட்ட குண்டின் இடக்குறி பூஜ்யமாகிவிடும். குண்டை நகர்த்தும் பகுதி, பூஜ்யம் என்றால் அங்கே குண்டே இல்லை என்று நினைத்துத் தாண்டிப்போகும். ஆனால் பதிவேட்டில் அந்த இடம் நிரம்பியதாகவே இருக்கும். இப்படி எட்டு இடமும் ஒவ்வொன்றாக அடைபட்டால், எதிரி சுட நினைத்தாலும் குண்டு வைக்க இடமில்லை.

இந்தச் செய்தி எந்தக் கையேட்டிலும் வந்ததல்ல. ஒருவர் சொல்லி ஒருவர் கேட்டு, பாதி நம்பாமல், ஒருநாள் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டது. இதற்கும் விலை உண்டு என்பதைக் கவனிக்க வேண்டும். கால்மணி நேரம் ஒரு புள்ளியும் சேராமல் இரண்டு தேனீக்களுக்கு விலகி விலகி நிற்பது சாதாரணப் பொறுமையல்ல. பின்னால் காசோடு காத்திருப்பவர்களின் பெருமூச்சையும் முதுகில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நினைவேக்கம் என்பதை 1688-ல் ஜொஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் ஒரு நோயாகத்தான் எழுதி வைத்தார். ஊரைப் பிரிந்து வாழ்ந்த சுவிஸ்காரர்களை வாட்டிய நோய். வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி நாஸ்டால்ஜியா என்று பெயரும் வைத்தார். மருந்து எளிது: ஊருக்கு அனுப்பிவை. மனிதர்கள் பத்திலிருந்து முப்பது வயதுவரை நடந்ததையே அதிகமாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று பின்னால் வந்த உளவியலாளர்கள் கண்டார்கள். அந்த ஊருக்குத் திரும்பிப்போக வண்டி கிடையாது, பழைய தெருவும் வீடும் மாறியிருக்கும்.

கேலகா விஷயத்தில் விசித்திரம் என்னவென்றால், ஊர் அப்படியே இருக்கிறது. 1981-ல் சிப்பில் எரித்த அதே நிரலை, ஒரு எழுத்து மாறாமல், பழைய இயந்திரத்தைப்போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் என்ற மென்பொருளில் இன்று ஓட்டலாம். தேனீக்கள் அதே பாதையில் வருகின்றன. அந்த ஓட்டைகூட அதே இடத்தில் இருக்கிறது. நாம்கோவே இந்த ஏக்கத்தைச் சீக்கிரம் மோப்பம் பிடித்துவிட்டது. பிளேஸ்டேஷனில் ரிட்ஜ் ரேசர் என்ற கார்ப் பந்தய ஆட்டம் தயாராகும் நேரத்தில் விளையாட கேலக்ஸியனைப் போட்டார்கள், டெக்கன் என்ற சண்டை ஆட்டம் தயாராகும் நேரத்துக்கு கேலகாவின் சவால் சுற்றுகளை. பின்னர் மிஸ் பாக்-மேன் என்ற இன்னொரு பழைய ஆட்டத்தையும் கேலகாவையும் ஒரே பெட்டியில் சேர்த்து, 1981-ன் வகுப்புத் தோழர்கள் என்ற தோரணையில் மறுபடி விற்றார்கள். அதாவது, வீடு திரும்ப வண்டி தாராளமாகக் கிடைக்கிறது. ஏறிப்போய் இறங்கியும் ஏக்கம் ஏன் தீரவில்லை என்பதுதான் கேள்வி.

சிலர் பழியைத் திரைமேல் போடுவார்கள். அதில் நியாயம் உண்டு. மூலத் திரை நெட்டுக்குத்தானது, 224-க்கு 288 புள்ளி. இன்றைய அகலத் திரையில் முழு உயரத்துக்குப் பொருத்தினால் பாதி அகலம்கூட நிரம்பாது. பழைய படக்குழாய்த் திரையில் புள்ளிகள் சற்றுக் கசிந்து, ஓரம் மழுங்கி, ஒரு பூச்சியாகவே தெரிந்தன. இன்று சதுரக் கட்டங்கள் கத்தரித்து வைத்ததுபோல் நிற்கின்றன. தாமதமும் இருக்கிறது. ஒரு பிரேம், அதாவது திரை ஒருமுறை புதுப்பிக்கப்படும் நேரம், சுமார் 17 மில்லிசெகண்ட். தொலைக்காட்சி மூன்று பிரேம் தாமதித்தால் 50. காதால் உணர முடியாத அந்த இடைவெளியைக் கட்டைவிரல் உணர்ந்துவிடும். "எனக்கு வயசாயிடுச்சு" என்று நண்பர் ஒருவர் ரொம்ப நாள் நொந்துகொண்டிருந்தார். தொலைக்காட்சியில் இந்தத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடு என்று ஒன்று இருப்பதைக் காட்டியதும் பத்து வயது குறைந்தது.

ஆனால் பெரிய மாற்றம் வேறு இடத்தில் நடந்திருக்கிறது. எமுலேட்டரில் காசு போட ஒரு விசை இருக்கிறது. எத்தனை தடவை வேண்டுமானாலும் அழுத்தலாம். ஆட்டத்தை நினைத்த இடத்தில் சேமித்து, தோற்றால் அங்கேயே திரும்பி வரலாம். கைதிக் கப்பலை மீட்கப் போய்ச் சொதப்பினால் இரண்டு நொடி பின்னால் போய் மறுபடி சுடலாம். இப்படிச் செய்து பார்த்தேன். இரட்டைக் கப்பல் ஒவ்வொரு முறையும் கிடைத்தது. ஐந்தாவது தடவை கிடைத்தபோது அந்தச் சின்ன இசையைக்கூட நான் கேட்கவில்லை. நிரலில் எதுவும் குறையவில்லை, மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்குதான் காணாமல் போயிருந்தது. எண்ணற்ற கப்பல் வைத்திருப்பவன் ஒன்றைப் பறிகொடுப்பதில் துணிச்சல் என்ன இருக்கிறது?

விலையை மறுபடி பெட்டிக்குள் வைக்க ஆளாளுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சிலர் பழைய பெட்டியையே வாங்கிப் பழுதுபார்த்து வைத்துக்கொண்டு, சொந்த இயந்திரத்திலேயே காசு போட்டு விளையாடுகிறார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், எனக்கு அவர்கள் செய்வது புரிகிறது. நான் வைத்துக்கொண்ட சட்டம் ஒரு நாளைக்கு ஒரு ஆட்டம், சேமிப்பு கிடையாது, தோற்றால் நாளைக்குத்தான்.

நேற்றைய ஆட்டத்தில் இரண்டாவது கட்டத்திலேயே கதிருக்குக் கீழே போய் நின்றேன். முதல் கப்பல் போனது. தலைவன் கைதியோடு இறங்கினான். முதல் அடி பட்டது, நீலமானான். இரண்டாவதுக்குக் காத்திருக்க வேண்டியவன், கை முந்திக்கொண்டது. குண்டு அவன் தோளை உரசிக்கொண்டு போய்ச் சிவப்புக் கப்பலில் விழுந்தது. பறக்கும்போது சொந்தக் கப்பலைச் சுட்டால் இயந்திரம் 1000 புள்ளி கொடுக்கும். கொடுத்தது. களத்தில் இருப்பதைத் தவிர மிச்சம் ஒரு கப்பல்.